எலனுக்கு எழுதிய நான்கு பக்கங்கள்

தெல்லிப்பழை
04.08.2024

அன்புள்ள றோகானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் மாமியும் சுகம். என் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் கதைத்தால் மூன்றாம் நிமிடமே நீங்கள் “லண்டனுக்கு வாறீரோ, இல்லையோ?” என்று கேட்பீர்கள். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பால்தான் பொங்குகிறது. அதனால் இனிக் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். தேவாலயத்து அலுமாரியைத் துப்புரவாக்கியபோது 1894ஆம் ஆண்டு ஆங்கில மாத இதழ்களைக் கட்டிய தொகுப்பு ஒன்று கிடைத்தது. மிசன் வீட்டு அம்மாமார் கப்பலில் எடுப்பித்து வாசித்ததாம். பெண்கள் எழுதிய கதைகள். ஒரே காய்ச்சல், தொலைந்த கடிதம், மயக்கம், ஜன்னலோரக் கண்ணீர். முதலில் சிரித்துச் சிரித்து வாசித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் நிருஷன் நடத்துகிற மாத இதழுக்காக ஒரு கதையைத் தமிழாக்கித் தொடராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எலன் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். அவளுக்கு நிச்சயித்த ஆதர், உழைக்கவென்று அவுஸ்திரேலியா போகிறான். நடுவில் மூன்று வருடம் கடிதமே இல்லை. ஆறாம் வருடம் அவள் வாசலில் வந்து நிற்கிறான். அந்த இடத்திலிருந்து கடைசி நான்கு பக்கத்தையும் கறையான் தின்றுவிட்டது! நிருஷன், “முடிவை நீங்களே எழுதிவிடுங்கோ ரீச்சர், ஆருக்குத் தெரியப்போகுது?” என்கிறான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். எழுதியவள் யாரோ, பெயர்கூடப் போடவில்லை. அவள் வாயில் என் சொல்லைத் திணிக்க நான் யார்? லண்டனில் பழைய இதழெல்லாம் வைத்திருக்கிற பெரிய நூலகம் இருக்கிறதல்லவா, ஒரு லீவு நாளில் போய்ப் பார்ப்பீர்களா?

நீங்கள் கேட்டதற்கு இதில் பதில் இல்லை என்று கோபிக்க வேண்டாம். மனம் ஒரு நிலையில் இல்லை. கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டு அதையே திரும்ப எழுதுகிறேன், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

உங்கள்
மிரியம்


ஹரோ, லண்டன்
25.08.2024

அன்பு மிரி,

உமது கடிதம் கண்டேன். உலகத்தில் வேறு கதையே கிடைக்கவில்லையோ உமக்கு? நான் உம்மைக் கட்டிவிட்டு இங்கே வந்தும் ஆறு வருடம், எனக்கும் நடுவில் மூன்று வருடம் கடிதம் இல்லை. எனக்குக் குத்துவதற்கென்றே தேடி எடுத்தீரோ? சரி, விடும்.

புதன்கிழமை எனக்கு லீவு. போய்ப் பார்க்கிறேன். கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைக்கு ஒவ்வொரு வருடமும் பரிசு வாங்கியவன், இன்று பேக்கரிப் பகுதியில் பாணுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறேன். உம்மால் நூலகப் படி மிதிக்கவாவது ஒரு சாட்டுக் கிடைத்தது.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை மிரி. பஸ்ஸில் உட்கார முடியாமல் இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி நடக்கிறேன். உம்மைக் கூப்பிட எடுத்து வைத்த கடதாசிகள் டிசம்பர் முடியும்வரைதான் செல்லும். பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு எனக்குத் தெம்பில்லை. ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்று ஒரு சொல் சொல்லும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும். முழங்கால் எண்ணெயை மறக்காமல் பூசச் சொல்லும்.

அன்புடன்
றோகான்


தெல்லிப்பழை
18.09.2024

அன்புள்ள றோகானுக்கு,

நூலகம் போனீர்களா, இல்லையா? நிருஷன் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் எடுக்கிறான். போன மாதம் “தவிர்க்க முடியாத காரணத்தால்” என்று போட்டுச் சமாளித்தாயிற்று, இன்னொரு மாதம் அப்படிப் போட்டால் வாசகர் அடிக்க வருவார்கள் என்கிறான். பண்டத்தரிப்பு பஸ்ஸில் றஜிதா ரீச்சர் என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, “எலன் அவனை ஏற்பாளோ? எனக்கு மட்டும் சொல்லுங்கோ” என்று காதைக் கடிக்கிறா. எனக்கே தெரியாது என்றால் நம்பினால்தானே!

மாமியிடம் கேட்டேன். “ஏற்கத்தானே வேணும், வேறை என்ன செய்யிறது?” என்றா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தா, பிறகு எழும்பிப் போய்க் கோழிக்கு அரிசி போட்டா. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் போட்டிருந்தா.

உங்களிடம் ஒளிப்பானேன். எலன் என்ன செய்தாள் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வழி பிறக்கும் போல இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். நாற்பத்தொரு வயதில் கறையான் தின்ற தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஆனால் அப்படித்தான் இருக்கிறது. கெதியாகப் பாருங்கள்.

உங்கள்
மிரியம்


ஹரோ, லண்டன்
10.10.2024

அன்பு மிரி,

கிடைத்துவிட்டது! இதனுடன் அந்த நான்கு பக்கமும் வருகிறது. அங்கே பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், படமும் எடுக்க விடவில்லை, பழைய தாள் உடைந்துவிடுமாம். ஆகையால் பென்சிலால் பிரதி பண்ணி, வீட்டில் வந்து திருத்தமாக எழுதினேன். எழுத்து விளங்காவிட்டால் கேளும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீரே வாசியும். வாசித்து முடித்த கையோடு எனக்கு எழுதும். தபால்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்
றோகான்


தெல்லிப்பழை
05.11.2024

என் அன்பு றோகான்,

கடிதம் வந்த அன்றே இருந்து மொழிபெயர்த்தேன். இடைக்கிடை எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆதர் வாசலில் நின்று அழுகிறான், எலன் வாய் திறக்கவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறான். அப்போது அவள், “எங்கே போகிறீர், ஆதர்?” என்று கேட்டுவிடுகிறாள். அவன் நிற்கிறான். திரும்பி உள்ளே வந்து கதிரையில் இருக்கிறான். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள், அவன் குடிக்கிறான். அவன் குடித்து முடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மனம் இளகுகிறது. “இருங்கள்” என்கிறாள். அம்மாடி, இப்படியும் எழுத ஒருத்தி இருந்திருக்கிறாள்!

இதழ் வெளிவந்துவிட்டது. நிருஷனுக்கு வந்த போனுக்குக் கணக்கில்லை. பருத்தித்துறையிலிருந்து ஒரு அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி வாசித்து அழுதாவாம். றஜிதா ரீச்சர் பஸ்ஸுக்குள் வைத்தே என்னைக் கட்டிப்பிடித்தா. “இங்கிலீசுக்காரருக்கும் எங்களை மாதிரித்தான் மனசு” என்றா.

ஓம், றோகான். வருகிறேன். எழுதிவிட்டேன். அடுத்த கிழமைப் புதன் யாழ்ப்பாணம் போய்ப் படிவங்களில் கையெழுத்து வைக்கப் போகிறேன். மாமியை உங்கள் அக்கா வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறா. அங்கே குளிர் என்கிறார்கள், எனக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கி வையுங்கள்.

என்றும் உங்கள்
மிரியம்


தெல்லிப்பழை
14.11.2024

றோகானுக்கு,

நேற்றுக் காலை படிவங்கள் வைத்த பைலைக் கையில் எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய்விட்டேன். பின்னால் மாமி, “எங்கை பிள்ளை போறாய்?” என்று குரல் கொடுத்தா. கொடுத்த கையோடு வாயில் அடித்துக்கொண்டா. “ஐயோ, கேட்டுப் போட்டன்! வா, வந்து இரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ. இல்லாட்டிப் போற காரியம் சரிவராது.” அவ போதகரின் மகள். இதெல்லாம் அஞ்ஞானம் என்று பெண்கள் கூட்டத்தில் பேசுகிறவ. ஆனால் கேட்டுவிட்டால், ஆளைத் திருப்பிக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் கொடுக்காமல் அனுப்பமாட்டா. நீங்கள் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை.

நான் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். கிளாஸை வாயில் வைத்தேன். அப்போதுதான் மண்டையில் அடித்தது மாதிரி இருந்தது.

இங்கிலாந்தில் எந்த ஆதர் ‘எங்கே போகிறீர்’ என்று கேட்டதற்காகத் திரும்பி வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போவான்? எலன் எதற்குத் தண்ணீர் கொடுத்தாள்? எனக்கு ஏன் அது உறைக்கவில்லை? மொழிபெயர்த்தவள் நான். அச்சுப் பார்த்தவன் நிருஷன். இத்தனை பேர் வாசித்து அழுதார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் நாங்கள் எல்லாரும் வீட்டில் அதைத்தான் செய்கிறோம். எழுதினவருக்கும் உறைக்கவில்லை.

யாழ்ப்பாணம் போகவில்லை. பைல் மேசையில் கிடக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை யார் எழுதியது?

மிரியம்


ஹரோ, லண்டன்
01.12.2024

அன்பு மிரி,

நான்தான் எழுதினேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டும்.

நூலகம் போனது பொய் இல்லை. பக்கங்கள் கிடைத்தன. படம் எடுக்கவும் விட்டார்கள். படங்களை இதனுடன் அனுப்புகிறேன். மிரி, எலன் செத்துப்போகிறாள். அவன் வருகிறபோது அவளுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. அவன் கையைப் பிடித்து மன்னித்துவிட்டேன் என்கிறாள், கண்ணை மூடுகிறாள். அதற்குப் பிறகு அவன் அழுகிறதும் மழை பெய்கிறதும்தான்.

எலன் என்ன செய்தாளோ அதில் எனக்கும் வழி பிறக்கும் என்று நீர் எழுதியிருந்தீர். உமக்கு அதை எப்படி அனுப்புவேன்? நீர் சாகிற மாதிரி இருந்தது எனக்கு. பத்து நாள் இருந்து எழுதினேன். பழைய ஆங்கிலம் வரவேண்டும் என்று அந்த இதழின் மற்றக் கதைகளையும் வாசித்தேன். எழுதும்போது நானும் அழுதேன், அது பொய் இல்லை.

ஓம் என்று சொல்லிவிட்டீர், மிரி. அந்த ஓமைத் திருப்பி எடுக்க வேண்டாம். கடதாசிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உமக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், நாவல் நிறம்.

அன்புடன்
றோகான்


தெல்லிப்பழை
20.12.2024

றோகானுக்கு,

படங்கள் வந்தன. உங்கள் நான்கு பக்கத்தையும் கதை எழுதிய அந்த அம்மாவின் நான்கு பக்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். தைமாத இதழில் உண்மையான முடிவு வரும், தவறு என்னுடையது என்ற குறிப்போடு. நிருஷன் துள்ளுகிறான். “உயிரோடை இருக்கிறவளை ஏன் ரீச்சர் சாக்காட்டுறியள்?” என்கிறான்.

எனக்கு அந்த அம்மாவோடும் முதலில் கோபம் வந்தது. பிறகு விளங்கியது. அந்தக் காலத்து இதழில், திரும்பி வந்தவனைப் பார்த்து ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் யார் அச்சடிப்பார்கள்? அவனை ஏற்க எழுதியவளுக்கு மனம் வரவில்லை. மறுக்க இடமும் இல்லை. காய்ச்சலைக் கொண்டுவந்து எலனையே அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

உங்கள் பக்கங்களில் ஆதர் எப்படி அழுகிறான், எப்படி நடுங்குகிறான், தொப்பியை எப்படிப் பிடிக்கிறான், எல்லாம் இருக்கிறது. எலனுக்கு இரண்டே வசனம். எங்கே போகிறீர் என்று கேட்கிறாள், இருங்கள் என்கிறாள். மூன்று வருடம் எங்கே இருந்தீர், யாரோடு இருந்தீர் என்று அவள் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்க விடவில்லை.

நானும் உங்களிடம் கேட்கவில்லை. அது என் பிழை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

இதை எழுதும்போது அழுகை வருகிறது, பரவாயில்லை. ஆறு வருடத்தில் நீங்கள் எனக்கு நான்கு பக்கம் எழுதியதில்லை. எலனுக்கு எழுதினீர்கள். பத்து நாள் இருந்து, அழுது எழுதினீர்கள். அதே நான்கு பக்கத்தை உங்கள் பெயர் போட்டு, என் பெயர் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால், அதில் எவ்வளவு கேவலம் இருந்தாலும், உடுத்த உடுப்போடு ஓடி வந்திருப்பேன்.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவன் என்ரை பிள்ளை. போ எண்டும் சொல்லமாட்டன், போகாதை எண்டும் சொல்லமாட்டன்” என்றா. பிறகு உங்கள் அக்காவுக்குப் போன் எடுத்து, கூட்டிப்போக வரவேண்டாம் என்று சொன்னா.

நான் வரவில்லை, றோகான். மாமியைப் பார்க்க ஆளில்லை, பாடசாலையில் லீவில்லை என்று சாட்டுச் சொல்லவில்லை. எனக்கு மனமில்லை. அங்கே யாராவது விசாரித்தால், மிரியத்துக்குச் சுகமில்லை, அதனால் வரவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தலையிடியும் இல்லை. நான் நல்ல சுகமாக இருக்கிறேன்.

மிரியம்