செவலையின் வாய்க்குள் போன கை

அன்புள்ள அத்தை,

இன்று காலை நாய்களுக்குத் தடுப்பூசி போடும் ஜீப் நம் தெருவுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லிக்கொண்டே வந்தார்கள். வெறிநாய்க்கடியால் இனி எந்த நாட்டிலும் யாரும் சாகக் கூடாது என்று உலகம் முழுக்க இந்த வேலை நடக்கிறதாம். நாய் பிடிக்கும் வலைக்காரர் நம் நாய் கருப்பனைப் பிடித்ததும் மாட்டு டாக்டரம்மா மருந்துக் குப்பியைத் திறந்தார். ஸ்பிரிட் வாசனை வந்தது. நான் கட்டுத்தரைக்குள் போய் மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டேன். அந்த வாசனை போன வருஷம் எனக்கு மட்டும்தான் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அப்பா காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது என்பதை எந்தக் குரலில் சொல்வது? நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கறவைக் குண்டாவை என் கையில் கொடுத்து, “வா சாமி, மாடு பரீட்சை வெக்காது” என்றீர்கள். தன் அக்கா நீங்களே சொன்ன பிறகு அப்பாவும் விட்டுவிட்டார்.

நீங்கள் பேசிக்கொண்டே கறப்பீர்கள். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. “இந்தப் புள்ள வாயைத் தொறக்கற அன்னிக்குப் பால் சொசைட்டிக்கே லீவு உட்ருவாங்க” என்று செவலைப் பசுவிடம் கோள் சொல்வீர்கள். அவள் காதை ஆட்டுவாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் கட்டுத்தரைப் படலைச் சாத்தாமல் விட்டுவிட்டேன். எந்த ஊர் நாயோ உள்ளே புகுந்து செவலையின் பின்னங்காலைக் கவ்வியது. சாணிக்கூடையை வீசினேன், ஓடிவிட்டது. சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்தேன். படல் திறந்து கிடந்தது தெரிந்தால் அப்பா சத்தம் போடுவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்கூட.

வைகாசியில் செவலை தீனி எடுக்காமல் நின்றாள். எச்சில் கயிறுபோல் தொங்கியது. கத்தினால் தொண்டை கட்டிய சத்தம். மாங்காய்க் காலத்தில் மாடு இப்படி நின்றால் நம் பக்கத்தில் எல்லாரும் ஒன்றைத்தான் நினைப்போம். “கொட்டைய முழுங்கிப் போட்டாளாட்டிருக்குது” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் அவள் வாய்க்குள் கையை விட்டீர்கள். அன்று காலை சோளத்தட்டு அறுத்தபோது அரிவாள் கீறியதும் அந்தக் கையைத்தான். நான் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன், எச்சில் என் மேலும் வழிந்தது. “ஒண்ணையும் காணமே, எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கற?” என்று அவளைக் கொஞ்சினீர்கள். நாயின் ஞாபகம் எனக்கு அப்போதே வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

மூன்றாம் நாள் செவலை செத்தாள். டாக்டரம்மா வந்து, நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். “இல்லீங்க” என்றீர்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எதற்கும் எச்சில் பட்டவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். மறுநாள் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா அக்கா வீட்டுக்கே வந்தார்.

“புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. எனக்கெதுக்குங்க? நாயா கடிச்சுது? மாடு நக்குனதுக்கெல்லாம் ஊசி போட்டா நான் எப்பவோ சல்லடை ஆயிருப்பேன்” என்றீர்கள்.

ஆஷா அக்காவே சிரித்துவிட்டார். நான் நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு தடவையும் எனக்குத் தலை சீவிவிட்டு, பஸ் வரும்வரை நின்று ஏற்றிவிட்டீர்கள். “அடுத்த வாட்டி நானும் வாரேன்” என்பீர்கள். கறவை நேரம் இடிக்கும். நாய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் முதல் நாளே வந்திருப்பீர்கள்.

ஆவணியில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது உங்கள் தொண்டை இழுத்துக்கொண்டது. ஓடிவந்த என்னைக் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். “அம்முணி, அக்கட்டால நில்லு.” வெறிநோய் உங்களைக் கொண்டுபோகும் முன் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள்.

இன்று ஜீப் தெருமுனைக்கு நகர்ந்த பிறகு, அடுத்த தோட்டத்துப் பாப்பாத்தியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கன்னுக்குட்டி நேத்திருந்து எச்ச வடிச்சுட்டு நிக்குது. கொட்டைதான் சிக்கிருக்கோணும். கைய உட்டு எடுத்துப் போடறேன்.”

வேலியைத் தாண்டியது நினைவிருக்கிறது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

“உடாதீங்க! எங்க அத்தையும் இப்பிடித்தானுங்க உட்டாங்க. செவலைய நாய் கடிச்சுது. படலை நாந்தான் சாத்தல. நாந்தான் சொல்லல.”

ஜீப்பைச் சுற்றி நின்ற தெருவே திரும்பிப் பார்த்தது. அதில் அப்பாவும் இருந்தார். ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அவர் நீளக் கையுறை போட்டுக்கொண்டு, கன்றின் தொண்டையில் துழாவி, ஒரு மாங்கொட்டையை எடுத்து வெளியே போட்டார். வெறும் மாங்கொட்டை, அத்தை!

“போச்சாது போ! இந்தப் புள்ளைக்கு வாய் வந்ததே ஒரு மாங்கொட்டைக்குத்தானா?” என்றார் பாப்பாத்தியக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டிருக்கும். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அடுத்த தடவையும் இப்படியே கத்தணும், கேட்டியா மோளே” என்றார் தன் மலையாளத் தமிழில்.

சாயங்காலக் கறவைக்கு அப்பா கட்டுத்தரைக்கு வந்தார். திட்டுவார் என்று குண்டாவைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

“அன்னிக்கே நீ சொல்லிருந்தாலும் உங்கத்தை சிரிச்சுருப்பா” என்றார். மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு, “ஆனா ஊசிக்குப் போயிருப்பா” என்றார்.

இரண்டும் நிஜம், அத்தை. முதலில் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்பா சொன்னது. இரண்டாவதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் கனம் குறையட்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. அது இருப்பதால்தான் எனக்குக் குரல் வருகிறது.