அம்மாவின் இயல்பு நிலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயாவது அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

அம்மாவின் மணிக்கட்டில் நீ கட்டிவிட்டுப் போன பட்டையும் சுவரில் மாட்டிய திரையும் ஒரு நாள்கூடக் கெட்டுப்போகவில்லை. எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணும், வழக்கத்திலிருந்து விலகினால் நம் இருவருக்கும் மணி அடிக்கும், வழக்கம் எது என்பதை அதுவே கற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று நீ சொன்னபோது பூரித்துப்போனேன். முப்பது வருஷம் கொதிகலன் அறையில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து உட்கார்ந்தவன் நான், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நீராவி குறைந்தால் தீயைத்தான் ஏற்றுவோம், முள் நிற்க வேண்டிய குறியை இறக்க மாட்டோம். போன வாரம் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் பழைய கணக்கைக் கேட்டார், திரையில் எடுத்துப் பார்த்தேன். முதலில் நாளுக்கு மூவாயிரம் அடி, பிறகு ஆயிரம், இப்போது நாற்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் ஒவ்வொரு குறைவையும் இதுதான் வழக்கம் என்று உன் மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. ஆறு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார் என்றார் மருத்துவர். முதுகுத்தண்டில் நசுங்கிய நரம்பு இனிப் பழைய நிலைக்குத் திரும்பாதாம்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாடியில் துணி காயப்போடுவதை அவள் நிறுத்தினாள், நான் காயப்போட்டேன். வாசலுக்கு வருவதை நிறுத்தினாள், நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன். ஞாயிறுதோறும் நீ போனில் கேட்டாய், அப்படியேதாம்மா இருக்கா என்று நானும் சொன்னேன். அவளைக் கேட்டால், மணி அடிக்கலையே, நல்லாத்தான் இருக்கேன் போலன்னு நெனச்சேன் என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போதும் திரையில் பச்சை விளக்குதான் எரிகிறது. நிரலைத் திருத்துகிறேன் என்று உட்காராதே, விடுப்புக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னாள், நானும் அதையே வேண்டிக்கொள்கிறேன். உன்னை வரச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன், எதுக்கு, அவ இல்லாம எனக்குப் பழகிப்போச்சே என்றாள். மணி அடிக்காது, நீயாகப் புறப்பட்டு வா.

உன் அப்பா