ஹாலில் ஆறு பெட்டி, பதினெட்டு வீடு

இயேசு மரி சூசை துணை

பெருங்களத்தூர்
9.9.2007

அன்பு மகன் ஆல்வினுக்கு அப்பா சவுரிமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஹால்தான் கொஞ்சம் இளைத்துவிட்டது. தோகா வெயிலில் உன் உடம்பு நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். லீவில் ஊருக்கு வந்த வில்பிரட்டிடம் நீ கொடுத்தனுப்பிய ஹோம் தியேட்டரை மாட்டியாகிவிட்டது, சத்தம் பிரமாதம் என்று இரண்டு தடவை சொன்னேனே, அப்போது மாட்டவே இல்லை. ஐந்து சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் பரண்மேல் கிடந்தன. பெரிய பெட்டியை மோடா என்று நினைத்து எட்டு நாள் அதன்மேல் உட்கார்ந்து காப்பி குடித்தேன். பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஒரு ஓட்டை, தூக்கி நகர்த்த வசதியாக வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். அந்த ஓட்டைக்கு இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்தேன், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் வில்பிரட் வந்து பார்த்துவிட்டு, அய்யோ அங்கிள், இது மோடா இல்ல, டம்மு டம்முனு அதிர்ற சத்தமே இதுலதான் வரும் என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் அவனே மாட்டினான். நம் ஹால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும், நானே பதித்த இரண்டடி டைல்ஸ், இந்தப் பக்கம் ஐந்து அந்தப் பக்கம் ஐந்தரை. இரண்டு பெட்டியை சோபாவுக்குப் பின்னால் வைக்க வேண்டுமாம், புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. நம் சோபாவுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் சுப்ரமணியன் சார் வீடு. அதனால் ஒன்று சமையலறை வாசல் மேலே, ஒன்று பாத்ரூம் கதவு மேலே. முதல் நாள் படம் போட்டபோது வில்லன் உன் அம்மாவின் காதுக்குப் பின்னால் சிரித்தான், அவள் கரண்டியோடு ஹாலுக்கு ஓடி வந்தாள். சுப்ரமணியன் சார் மறுநாள், உங்க வீட்ல மழை பேஞ்சுதே சார், நான் மாடிக்குப் போய் துணியெல்லாம் எடுத்துட்டேன் என்றார். எட்டுப் பேர் படுக்கிற ரூமில் இருந்துகொண்டு எங்களுக்கு ஆறு பெட்டி அனுப்பியிருக்கிறாயே, அங்கே வைக்க இடமில்லாமல்தான் இங்கே தள்ளினாயோ.

இதற்கு நடுவில்தான் அன்பியக் கூட்டம் வந்தது. மாதம் ஒரு வீட்டில் ஜெபம் என்று நம் கோயிலைச் சேர்ந்த பதினெட்டு வீடும் சுற்றி வருகிறார்கள், நம் வீட்டை மட்டும் இரண்டு வருஷமாகத் தாண்டிப் போனார்கள். தலைவி செல்லம்மா அக்கா, உன் ஹால்ல முட்டி போட்டா பாதி பேரு பாத்ரூம்லதான் போடணும் அம்மணி என்று கோயில் வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். உன் அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இந்த மாதம் அவளே எழுந்து நின்று, எங்க வூட்லதான் என்று பேர் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம், இன்னாய்யா, மனுசங்க உக்கார எடம் வேணுமா உன் பொட்டிங்க உக்கார எடம் வேணுமா, ஒருத்தர் வெளிய நின்னாலும் நீ ஆயுசுக்கும் மாடிப்படியிலதான் சினிமா பாக்கணும் என்றாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. சோபாவைச் சுப்ரமணியன் சார் வீட்டில் போட்டேன், டிவி ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டினேன், சாக்பீஸால் ஒரு டைல்ஸுக்கு ஒன்றரை ஆள் என்று கணக்குப் போட்டேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள், பிள்ளைகள் மடியில், ஒருவர்கூட வெளியே நிற்கவில்லை. செல்லம்மா அக்கா காலை நீட்டியே உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா ஜெபமாலை முழுக்க அந்த நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படி ஒரு சந்தோஷம்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. இனிமேல் எதையாவது அனுப்பினால் ஹாலை நினைத்துக்கொண்டு அனுப்பு. வில்பிரட் திரும்பி வரும்போது உனக்கு முறுக்கும் பருப்புப் பொடியும் வரும், எட்டுப் பேருக்கும் கொடுத்துச் சாப்பிடு. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. சவுரிமுத்து

பி.கு: அந்த ஓட்டை விஷயம். பீடியை விட்டுவிட்டேன் என்று ஏர்போர்ட்டில் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். முழுதாக விடவில்லை. மிச்சத்தை அந்த ஓட்டையில் வைத்திருந்தேன். கூட்டத்தன்று உன் அம்மா பெட்டியின்மேல் பூத்தையல் துணி விரித்து ஃபாதரை உட்கார வைத்துவிட்டாள், எடுக்க முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் ஃபாதர், ஆல்வின் அனுப்பின செட்டைப் போடுங்க கேப்போம் என்றார். மாதா பாட்டு சிடியைப் போட்டேன். முதல் மேளத்துக்கு ஃபாதர் எழுந்து நின்றார். இரண்டாவது மேளத்திலிருந்து பீடி ஒவ்வொன்றாக வெளியே வந்து செல்லம்மா அக்கா காலடியில் போய் நின்றது. ஃபாதர் குனிந்து பொறுக்கினார், ஏழு என்று எண்ணினார், என் சட்டைப்பையில் போட்டார். பிறகு உன் அம்மா கேசரி கொடுத்தாள். பதினெட்டு வீட்டுக்கும் சரியாக இருந்தது. எனக்கு வரவில்லை.