பென்சிலால் சரி போட்ட சொற்கள்

4 மார்ச் 1996, திங்கள்
சோறு ஆறிக்கொண்டிருக்க, தம்பி இன்றைக்கும் ஒரு சொல்லோடு வந்து உட்கார்ந்தான். கேர்ஃபியூ, ஊரடங்கு. பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்று பொருளாம். மணியடித்தால் அடுப்பை மூடிவிட்டுப் படுக்க வேண்டுமாம்.

"முதல்ல சோத்தை மூடாமச் சாப்பிடு" என்றேன்.

தம்பி ஹியூபேட்டுக்கு முப்பத்தாறு வயது. புறக்கோட்டை அச்சகமொன்றில் ப்ரூஃப் பார்க்கிறான். மருதானை நடைபாதையில் வாங்கிய தடித்த அகராதியில் பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பென்சிலால் சரி போடுவான். பொருளையும், சொல் முதலில் எழுத்தில் வந்த ஆண்டையும் கொப்பியில் எழுதுவான். அவன் கலியாணம் கட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

6 மார்ச்
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையைப் பொலிசார் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள். தம்பி வேலையில். ஒரு பொலிஸ்காரன் கொப்பியைப் புரட்டினான். 1320, 1377, 1535 — இது என்ன இலக்கம், சங்கேதமா என்று கேட்டான். ஆண்டுகள் என்றேன். ஏதோ குறித்துக்கொண்டு, கொப்பியை வைத்துவிட்டுப் போனான்.

ஏன் வைத்துவிட்டுப் போனான்?

7 மார்ச்
எரித்துவிட்டேன். அவன் வேலைக்குப் போன பிறகு, அடுப்பில், ஒவ்வொரு தாளாக. பதினொரு வருட எழுத்து. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பவனுக்கு இலக்கம் நிறைந்த கொப்பி எதற்கு? அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

8 மார்ச்
தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். வந்தவுடனே கேட்டது கொப்பியைத்தான். எரிச்சுப்போட்டன் எண்டன். ஒண்டுமில்லாட்டி ஏன் எரிச்சனீ எண்டு கேக்கிறாங்கள். ஹியூபேட் என்னைப் பாத்தான் — அப்பதான் அவனுக்கே தெரியும். நான்தான். நான்தான் பிடிச்சுக் குடுத்தனான்.

9 மார்ச்
பொலிசில் அவனைப் பார்க்க விடவில்லை. சோற்றுப் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

11 மார்ச்
அகராதியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். இதைப் பார்த்துத்தான் என் தம்பி எழுதினான், பயத்தில் எரித்தது நான் என்று இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்டபடி திறந்து, சரி போட்ட சொற்களை என்னிடம் கேட்டார். தோர்ப் — சிறு கிராமம். ஓவர்மொரோ — நாளையின்றைக்கு, நாளைக்கு அடுத்த நாள். சாப்பாட்டு மேசையில் அலுத்து அலுத்துக் கேட்டதெல்லாம் வாயில் வந்தது.

பிறகு, கேட்ச்போல்.

பொய் சொல்லலாம் என்றால் புத்தகம் அவர் கையில்.

"ஆட்களைப் பிடிக்கிற அதிகாரி, சேர். ஆதியில்... கோழி துரத்துகிறவன்."

அகராதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். பக்கத்தில் நின்றவனுக்குச் சிங்களத்தில் விளக்கினார், அவன் சிரிக்கவில்லை. புதன்கிழமை வரச் சொன்னார். நாளையின்றைக்கு.

13 மார்ச்
விட்டுவிட்டார்கள். அவன் வலது கை வீங்கியிருக்கிறது. மன்னிச்சுக்கொள் என்றேன். தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று தெரியவில்லை.

18 மார்ச்
நேற்று உலகக் கிண்ணக் கிரிக்கெட் வெற்றிக்கு ஊரெல்லாம் வெடி. ஹியூபேட் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான்.

இன்று காலை அகராதியை விரித்துவைத்து, சரி அடையாளங்களை ஒவ்வொன்றாக அழிறப்பரால் அழித்தான், இடது கையால். பக்கம் நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்கு எத்தினை சொல் ஞாபகம் இருக்கு?"

"எல்லாம்."

"மறந்திடுங்கோ."

ஓம் என்றேன்.

இந்த டயறியின் கடைசிப் பக்கத்தில் கேட்ச்போலில் தொடங்கி அவன் சொற்களை எழுதிவருகிறேன். ஆண்டுகளை எழுதவில்லை.