தள்ளி இருக்கச் சொன்னது எதுவரை

மார்ச் 6

வாயாடி மருமகளுக்கு,

நான் நலம். நீயும் என் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நீ உண்டாகியிருப்பதாகப் போனில் சொன்னான். எனக்குக் கை கால் ஓடவில்லை. கழுத்தில் புற்றுநோய் வந்து, தைராய்டையே எடுத்து, கதிரியக்க அயோடின் குடித்த உடம்பு உன்னுடையது. நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறவள். அந்த மருந்து கொடுக்கிற வார்டுத் துணியைக் கையுறை போடாமல் நாங்கள் தொடுவதில்லை. அந்த உடம்பில் பிள்ளை எப்படித் தங்கும்? தங்கினாலும் எப்படிப் பிறக்கும்? மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். கலைத்துவிடு. உன்னைப் பிடிக்காமல் சொல்லவில்லை.

அத்தை


மார்ச் 15

அத்தை,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கலைக்க மாட்டேன்.

மருந்து குடித்து ரெண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை பெற ஒரு வருஷம் பொறுத்தால் போதும் என்றார் டாக்டர். இப்போது தைராய்டு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன்.

அன்று வீட்டுக்கு அனுப்பும்போது, "கொஞ்ச நாள் கர்ப்பிணிங்க, குழந்தைங்க பக்கத்துல போகாதீங்க" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. என் தட்டு தனி, டம்ளர் தனி. போன மாசம் உங்கள் மகள் பிள்ளை பெற்றபோது, "வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போம்மா" என்றீர்கள். பார்த்துவிட்டுப் போனேன். அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே டிக்கெட் கிழித்தேன். கண்டக்டர் வேலையில் தினம் எத்தனை பேர் என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள்! ஒருத்தரும் எரிந்துபோகவில்லை.

அந்த வார்டுப் போர்வைகளைக் கொஞ்ச நாள் பூட்டி வைத்து, கதிர்வீச்சு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பிறகு மற்றத் துணியோடு ஒரே மெஷினில் போடுவோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? போர்வையைச் சேர்த்துக்கொண்டீர்கள். என்னை?

தள்ளி இரு என்று சொல்ல ஆஸ்பத்திரிக்குத் தெரிகிறது. எப்போது கிட்டே வரலாம் என்று வீட்டாரிடம் சொல்லத்தான் வாய் வருவதில்லை. நம் வீடுகளும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு பெண்ணை ஒதுக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதை விடவே மாட்டார்கள்.

உங்கள் பிள்ளை என் பக்கம். லாரி போகிற ஊரிலிருந்தெல்லாம் போன் செய்து "சாப்டியா, சாப்டியா" என்று உயிரை வாங்குகிறார்.

மருமகள்


அக்டோபர் 28

அத்தை,

நீங்கள் பதில் போடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் பெண் பிறந்தாள். மூன்று கிலோ. குழந்தை டாக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டையும் பார்த்தார். "குறை ஒண்ணும் இல்லம்மா. தொண்டைதான் ஜாஸ்தி" என்றார். வார்டே சிரித்தது. என் பாலைத்தான் குடிக்கிறாள், போதவில்லை என்று சண்டை போடுகிறாள்.

நான் ஜெயித்துவிட்டேன், அத்தை. வருவதென்றால் உள்ளே வாருங்கள். வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை.

உங்கள் வாயாடி


நவம்பர் 3

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் மார்ச்சிலேயே எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன். "ரெண்டு வருஷமாவா ஒதுக்கி வச்சீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அதன் பிறகு பேனாவை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

இன்றைக்கு லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "ஒரு மாசமா? எதுக்கு?" என்றான்.

"என் மருமக பக்கத்துல படுத்துக்க!" என்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு தடவை கத்தினேன்.

அத்தை