வெள்ளிக்கிழமைக் குழம்பு

14 மார்ச் 1980, வெள்ளி

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய துப்பறியும் நாவலை இன்று ஆபீசிலேயே முடித்துவிட்டேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மாடி அறையில் தனியாகக் குடியிருக்கும் குமாஸ்தா செத்துக் கிடக்கிறான். தினமும் மீன் குழம்பு கொடுத்துவந்த வீட்டுக்காரம்மாதான் விஷம் வைத்தவள். மாடியும் குமாஸ்தா வேலையும் அப்படியே என்னுடையவை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சாயங்காலம் கீழே இருக்கும் என் வீட்டுக்காரம்மா பிலோமினா அக்கா கிண்ணத்தோடு மாடியேறி வந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகால வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் கறி கிடையாது. மீன் குழம்புதான், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நாவலின் கதையைச் சொல்லிவிட்டு, "இதுல ஒண்ணும் கலக்கலயே அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. குழம்பை விரலால் தொட்டு என் எதிரிலேயே நாக்கில் வைத்துக் காட்டினார்.

"ஐயோ, சும்மா சொன்னேன்க்கா."

"நீங்க சும்மா சொல்லுவீங்க சார். நாளைக்கு ஒங்களுக்கு வயித்த வலிச்சாலும் தெருவே என்னயத்தான் பாக்கும். நான் ஒண்டிக்கட்ட."

கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வாசனை மட்டும் இன்னும் அறையில் இருக்கிறது. மோர் சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். கீழே அவர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டபோது, போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். இப்போது கீழே விளக்கும் இல்லை.

நாவலில் செத்தவனுக்காவது கடைசி நாள் வரைக்கும் குழம்பு வந்தது.