லைப்ரரி வாசலில் உன் தம்பி

சூளகிரி
27.1.2022

அன்பு மகள் காவியாவுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், விளக்கேற்றும்போது அதுதான் என் வேண்டுதல். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அப்பாவுக்கு இந்த மாதம் நைட் ஷிப்ட், மற்றதெல்லாம் போனில் சொல்கிறேன். இதை மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை.

உன் தம்பி ஹரீஷ் படிக்கும் கல்லூரி லைப்ரரியில்தானே உன் தோழி வினிதா வேலை பார்க்கிறாள். மாஸ்க் இல்லாமல் உள்ளே விடக்கூடாது, மேசைக்கு இரண்டு பேர்தான் என்று அவளுக்கு உத்தரவு. உள்ளறைக்குப் போகும்போதெல்லாம், உன் தம்பியாச்சே என்று நம்பி, கொஞ்சம் பாத்துக்கடா தம்பி என்று இவனிடம் சொல்லிவிட்டுப் போவாளாம். இவன் வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அவள் திரும்பி வருவது தெரிந்ததும் செக்போஸ்ட் என்று குரல் கொடுப்பானாம். உடனே எல்லாரும் தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றித் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொள்வார்களாம். அப்பாவின் கம்பெனி பஸ்ஸில் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் வந்தால் போலீசுக்குப் பயந்து எல்லாரும் மாஸ்க்கை ஏற்றுவதும் தாண்டியதும் இறக்குவதும் நம் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதானே, அதைத்தான் இவன் அங்கே கொண்டுபோயிருக்கிறான். இப்போது அந்தப் பையன்களில் நாலைந்து பேருக்குக் கொரோனா, வினிதாவுக்கும் வந்து, அவள் அப்பாவுக்கும் தொற்றி, அவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருக்கிறார். கல்லூரியில் எங்களைக் கூப்பிட்டு கேமராவில் பதிவானதைக் காட்டினார்கள். தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரே நொடியில் சாதுவாகிவிடுகிறது. வினிதா வந்து பார்த்துவிட்டு, உன் தம்பியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள், அவனும் தலையாட்டுகிறான். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. காய்ச்சல் எங்கிருந்து வந்ததோ யார் கண்டது, பஸ்ஸிலும் வந்திருக்கும் என்று அப்பா சொன்னார், நானும் அதையே பிரின்சிபாலிடம் சொன்னேன் காவியா. சொன்ன வாயைக் கழுவத்தான் வேண்டும். இவனோ, எல்லாருந்தாம்மா பண்ணாங்க, நான் சும்மா குரல்தான் குடுத்தேன் என்கிறான்.

நேற்று அவனை இழுத்துக்கொண்டு வினிதா வீட்டுக்குப் போனேன். தெருவில் நின்றோம், அவள் ஜன்னலுக்கு வந்தாள். நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். இருமிக்கொண்டே, காவியா நல்லா இருக்காளாம்மா, கொழந்த நடக்குதா என்று கேட்டாள். அவ்வளவுதான். இவன் அழுதுவிட்டான். நான் அழக்கூட முகமில்லாமல் நின்றேன்.

நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் தாயே. கூட்டத்தில் போகாதே, குழந்தைக்குச் சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே. வினிதாவுக்குப் போன் செய், அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேள். தம்பியை மன்னித்துவிடு என்று மட்டும் கேட்டுவிடாதே. நீ கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
முனிலட்சுமி